ஐந்து நிமிடக் கதவு

கீல்களுக்குத் தையல் இயந்திர எண்ணெய் விட்டாயிற்று. இப்போது நிலவறைக் கதவின் ரப்பர் ஓரத்தில் விரலை வைத்துச் சுற்றிவர ஓட்டுகிறாள் நியோலே. எங்காவது வெடிப்பு தட்டுப்பட்டால் நின்று, நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடியை இறக்கிப் பார்ப்பாள். பிறகு கதவை இழுத்துச் சாத்தி, பூட்டுச் சக்கரத்தை வலப்பக்கம் மூன்று சுற்று, இடப்பக்கம் மூன்று சுற்று. தினமும் காலை ஏழேகாலுக்கு இது நடக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேவாலயப் பூசைக்குப் போய்வந்து பத்தரைக்குச் செய்வாள். காய்ச்சல் வந்த நாட்களில்கூட, கோட்டுக்கு மேல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இறங்கி வந்திருக்கிறாள்.

மரியாம்பொலே ஊரில், ஆலைத் தொழிலாளர்களுக்காக எழுபத்து நான்கில் கட்டிய ஐந்து மாடிக் குடியிருப்பு அது. லிஃப்ட் கிடையாது. ஆனால் நிலவறையும் அதற்கு நாலு விரல் கனத்தில் இரும்புக் கதவும் உண்டு. லிதுவேனியா சோவியத்துக்குள் இருந்த காலத்தில், அணுகுண்டு மேற்கிலிருந்து வரும் என்று சொல்லிக் கட்டினார்கள். இப்போது கிழக்கிலிருந்து வரும் என்று சொல்லி வாசலில் 'பதுங்கிடம்' என்று நீல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். "கதவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்பாள் நியோலே. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அங்கே பதுங்கியிருந்தவை உருளைக்கிழங்கும் வெள்ளரிக்காய் ஊறுகாயும் உடைந்த குழந்தை வண்டிகளும்தான்.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்பது. குடியிருப்போர் சங்கத் தலைவி. போட்டியில்லாமல் வந்த பதவி. வேறு யாரும் கையைத் தூக்கவில்லை என்பதே காரணம். குள்ளம். இடுப்பில் சாவிக்கொத்து. கம்பளிக் காலுறைக்கு மேல் செருப்புப் போட்டுக்கொண்டு, பனியிலும் முற்றத்தைக் கடந்து குப்பைத்தொட்டி வரை போவாள். மேலே போர் விமானம் போனால் பாதி வழியில் நிற்பாள். இரண்டு போனால் கவலையில்லை. காவல் விமானங்கள் இரண்டிரண்டாகத்தான் போகும் என்பது அவள் கணக்கு. மூன்றாவது சத்தம் கேட்டால் குப்பையைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பி வானொலியைப் போடுவாள்.

மூன்றாம் மாடியில் இருக்கும் பஸ் ஓட்டுநர் விட்டேனிஸ் கிழங்கு எடுக்க வரும்போதெல்லாம் அவளைச் சீண்டாமல் போகமாட்டான்.

"என்னக்கா, குண்டு இன்னிக்கா நாளைக்கா? நாளைக்குன்னா சொல்லுங்க, ஷிஃப்ட் மாத்திக்கறேன்."

"சிரி, நல்லா சிரி. வருதோ வரலையோ, கதவு மூடணும்."

"அட, சின்ன வயசுலேர்ந்து கேட்டுக்கிட்டுத்தானே இருக்கோம். இவன்கிட்டயும் இருக்கு, அவன்கிட்டயும் இருக்கு. ஒருத்தன் போட்டா இன்னொருத்தனும் போடுவான். அந்த பயத்துலயே நாப்பது வருஷம் எவனும் போடலையே."

"அப்ப பயந்தாங்கடா. பயந்துபோய் உக்காந்து பேசினாங்க. இத்தனைதான் வச்சுக்கணும்னு எழுதிக்கிட்டாங்க. இவன் வீட்டுக்கு அவன் போய் எண்ணிப் பார்த்தான், அவன் வீட்டுக்கு இவன் போனான். இப்ப யாரு எண்ணறா? நீ சொல்லேன்."

விட்டேனிஸ் கிழங்கை வாளியில் அள்ளிப் போட்டான். வாளியை எடுத்துக்கொண்டு, "உங்ககிட்ட வாயக் குடுத்தா என் கிழங்கே கசக்கும்" என்று படியேறிவிட்டான்.

வீட்டு அலமாரியில் ஒரு சிவப்பு அலாரக் கடிகாரம் வைத்திருக்கிறாள். எண்பத்திரண்டில் பள்ளிச் சிறுமியாக வாங்கிய பரிசு. அப்போதெல்லாம் வாரம் ஒரு வகுப்பு தற்காப்புப் பயிற்சி. நச்சுக்காற்று முகமூடியை ஏழு நொடியில் மாட்டவேண்டும்; ரப்பர் நாற்றத்தில் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு பொறுப்பு: ஒருத்தி தண்ணீர், ஒருத்தி விளக்கு, ஒருத்தி கதவு. நியோலேவுக்குக் கதவு. மணியடித்து ஐந்து நிமிடத்தில் மூடவேண்டும், மூடினால் திறக்கக்கூடாது. மாவட்டப் போட்டியில் முதல் பரிசு அவளுக்கு. கடிகாரம் இன்றும் நொடி பிசகாமல் ஓடுகிறது. அதைப் பற்றி யாராவது புகழ்ந்து பேசினால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

அவளுக்கு இந்தக் கட்டடத்தில் மிக நெருக்கம் நான்காம் மாடி ரைசா. வயது எழுபத்தாறு. ஆலைப் பொறியாளர் ஒருவருக்கு மனைவியாக ரஷ்யாவிலிருந்து வந்தவள். அவர் இறந்து இருபது ஆண்டாகிறது. மகன் எல்லைக்கு அந்தப்புறம், ரஷ்யாவுக்குச் சொந்தமான கலினின்கிராதில் குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுவான். முன்பெல்லாம் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு சத்தமாகப் பேசிய ரைசா, இப்போது ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசுகிறாள். படிக்கட்டில் சிலர் அவள் வணக்கத்துக்குத் தலையை மட்டும் ஆட்டுகிறார்கள். நியோலே ஒருத்திதான் நின்று, முழங்கால் எப்படி என்று கேட்பாள். அந்த முழங்காலில் சென்ற இலையுதிர்காலத்தில்தான் அறுவை நடந்தது.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஊறுகாய் ஜாடிகள் நாற்பது ஆண்டாகப் போய்வருகின்றன. நியோலே வீட்டு பீட்ரூட் மேலே போகும். ரைசாவின் உப்புக் காளான் கீழே வரும். இந்தப் படிக்கட்டில் வெறும் ஜாடியை யாரும் திருப்பித் தருவதில்லை. ஒன்றுமே இல்லாவிட்டால் நான்கு ஆப்பிளையாவது போட்டுத் தருவார்கள். வெறும் ஜாடி வந்தால், இனி உன் வீட்டு வாசலை மிதிக்கமாட்டேன் என்று அர்த்தம்.

பிப்ரவரி முதல் வாரம், இரண்டு வல்லரசுகளின் அணு ஆயுதங்களுக்கும் வரம்பு கட்டிய கடைசி ஒப்பந்தம் காலாவதியானது. வானொலி அதைச் சொன்னபோது நியோலே பீட்ரூட் நறுக்கிக்கொண்டிருந்தாள். செய்தி முடிந்து வானிலைக்கு வந்துவிட்டார்கள். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, சிவந்த கையோடு நிலவறைக்கு இறங்கி, அன்றைக்கு இரண்டாம் முறையாகச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தாள். பள்ளிக்கூட நாட்களில் படுக்கையில் கிடந்தபடி, இப்போது விழுமா, இப்போது விழுமா என்று எண்ணிய அதே பயம், வயதாகாமல் அப்படியே திரும்பி வந்திருந்தது.

மறுநாள் படிக்கட்டில் ஒரு தாள் தொங்கியது: சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஒத்திகை, விசில் ஊதினால் அனைவரும் நிலவறைக்கு இறங்கவேண்டும். தலைவி, என்று கையெழுத்து.

யாரும் வரமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள். இருபத்து மூன்று பேர் வந்துவிட்டார்கள். செய்தியைக் கேட்டவள் அவள் ஒருத்தி மட்டுமில்லையே! ஒருவர் பூனையோடு வந்தார். விட்டேனிஸ் ஊறுகாய் ஜாடியும் முள்கரண்டியுமாக வந்து, "உலகம் அழியறப்போ பசிக்கும்ல" என்றான். நாலு பேர் சிரித்தார்கள். சத்தம் சிமென்ட் சுவரில் மோதித் திரும்பியதும் நிறுத்திக்கொண்டார்கள்.

சிவப்புக் கடிகாரம் அலறியது. விசில் ஊதி ஐந்து நிமிடம். நியோலே கதவை இழுத்தாள், சக்கரம் மூன்று சுற்று. ஒரு நொடி தாமதமில்லை. தலைகளை எண்ணத் திரும்பியபோது வெளியிலிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

"நியோலே, நான்தான் ரைசா. வந்துட்டேன், திற."

நியோலே திறக்கவில்லை.

"நியோலே?" இன்னும் இரண்டு தட்டு. இரும்புக்கு அப்பால் குரல் தூரத்தில் கேட்டது. "கால் வலிக்குதும்மா, நிக்க முடியல."

இரண்டு கையும் சக்கரத்தைப் பிடித்திருந்தன. விரல் கணுக்கள் வெளுத்திருந்தன. உதடு மட்டும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்களில் யாரும் ஓர் அடி முன்னால் வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"அக்கா, ஒத்திகைதானே. திறங்க," என்றான் விட்டேனிஸ். அவள் அசையவில்லை. "அக்கா!" அவன் முள்கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.

கதவு திறந்தபோது ரைசா கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் போர்வை, அதன் மேல் ஊன்றுகோல்.

"அப்ப நான் செத்தாச்சா?" என்று கேட்டுச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. எழுந்து நியோலேவின் முகத்தையே பார்த்தாள். நாற்பது ஆண்டு பேசியும் ரஷ்ய வாடை போகாத லிதுவேனிய மொழியில், மெதுவாக, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "ரஷ்யக்காரின்னுதானா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். நியோலே குனிந்து, கீழே கிடந்த முள்கரண்டியை எடுத்தாள். ரைசா கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியேறினாள். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலும் ஊன்றுகோலும். நான்காம் மாடிக் கதவு சாத்தும் வரைக்கும் கீழே இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை நியோலேவின் வாசலில் அவளுடைய ஜாடி இருந்தது. நன்றாகக் கழுவி, துடைத்து, மூடி போட்ட வெறும் ஜாடி.

அன்றைக்கு அவள் நிலவறைக்குப் போகவில்லை. ஏழேகால் எட்டாயிற்று, ஒன்பதாயிற்று. சமையலறை மேசையில் ஜாடியை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தாள். குண்டு வருமோ என்ற பயத்தை அவள் பழகியிருந்தாள். இது வேறு. அந்தக் கதவை மூடியது தன் கைதான், நாளைக்கு நிஜமாகவே மணியடித்தாலும் இதே கை இதையே செய்யும் என்ற பயம். பத்து மணிக்குக் கடிகாரத்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு நான்காம் மாடிக்கு ஏறினாள்.

ரைசா கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. நியோலே நிலைப்படியில் நின்றே பேசினாள்.

"இந்தப் பரிசு எதுக்குக் குடுத்தாங்கன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல ரைசாக்கா. கதவை மூடினதுக்கில்ல. போட்டிக்கு வந்த எல்லாப் பொண்ணுங்களும்தான் மூடினாங்க. மூடினப்புறம் வாத்தியார் வெளிய ஒருத்தரை விட்டுத் தட்டச் சொல்வாரு, அழச் சொல்வாரு. மத்தவங்கல்லாம் பாவம்னு திறந்துட்டாங்க. நான் திறக்கல."

"யாரு தட்டினது?"

நியோலே கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கம்மா. ஸ்கூல்ல சமையல் பண்ணிட்டிருந்தாங்க. வாத்தியார் சமையக்கட்டுலேர்ந்து கூட்டிட்டு வந்துட்டாரு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. 'குட்டிம்மா, திற, குட்டிம்மா'ன்னு. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். எண்ணினா காதுல விழாதுன்னு சொல்லிக் குடுத்திருந்தாங்க."

"சாயங்காலம் வீட்ல அம்மா என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. சூப் ஊத்துனாங்க."

ரைசா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எங்க ஊர்லயும் அதே வாத்தியார்தாண்டி இருந்தாரு. பேரு மட்டும் வேற" என்றாள். "எனக்குத் தண்ணிப் பொறுப்பு. இன்னிக்கும் பாரு, குளியல் தொட்டிய நிரப்பாம எனக்குத் தூக்கம் வராது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, அடுத்த ஒத்திகை எப்போ?"

"மார்ச் ரெண்டாவது சனிக்கிழமை."

"எனக்கு ஒம்பது நிமிஷம் வேணும். முட்டி சம்மதிச்சா எட்டரை."

"ஒம்பது நிமிஷத்துல..." என்று ஆரம்பித்து நியோலே நிறுத்திக்கொண்டாள். எல்லைக்கு அந்தப்புறத்திலிருந்து கிளம்பும் ஏவுகணை இங்கே வந்துசேர எத்தனை நிமிடம் என்று வானொலியில் கேட்டிருந்தாள். ரைசாவும் கேட்டிருப்பாள். கீழே மேசையில் இருந்த ஜாடியும் அன்று வெறுமையாகவே இருந்தது. ரைசா காளான் எதுவும் எடுத்துத் தரவில்லை. பார்க்கலாம் என்பதுபோல் தலையை ஆட்டிக் கதவைச் சாத்தினாள்.

மார்ச் இரண்டாம் சனிக்கிழமை முப்பத்தொரு பேர் இறங்கினார்கள். பூனைக்காரர் இந்த முறை பூனைக்கும் போர்வை கொண்டுவந்திருந்தார். விட்டேனிஸ் ஜாடி எதுவும் எடுத்துவரவில்லை, சீண்டவும் இல்லை. அந்த வாரம் முழுக்க அவனுடைய பஸ்ஸில் ஏறியவர்கள் ராணுவ லாரிகளைப் பற்றியே பேசினார்களாம்.

சிவப்புக் கடிகாரம் அலறியது. மேலே இன்னும் ஊன்றுகோல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாம் மாடியாக இருக்கலாம்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சுக்கா," என்றார் யாரோ, பின்னாலிருந்து. ஒத்திகை என்று தெரிந்தும் அந்தக் குரல் அவசரப்படுத்தியது.

நியோலேவின் கைகள் சக்கரத்துக்குப் போயின. அவள் சொல்லி அவை போகவில்லை. கதவு நகர்ந்தது, எண்ணெய் விட்ட கீல், சத்தமே இல்லை. உதடு எண்ணத் தொடங்கிவிட்டது. விட்டேனிஸ் ஓர் அடி முன்னால் வந்தான்.

அதற்குள் அவள் செருப்பை உதறிவிட்டு, கம்பளிக் காலுறை போட்ட வலது காலைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே நீட்டினாள். இரும்பு வந்து பாதத்தில் இடித்து நின்றது. கைகள் இழுத்துக்கொண்டே இருந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, காலை எடுக்காமல், மேலே இறங்கிவரும் ஊன்றுகோலை எண்ணத் தொடங்கினாள்.