மொட்டைச் சிப்புக்கு வைத்த பொட்டு

கசினோவில் காசுக்குப் பதிலாக வைத்து ஆடவேண்டிய வட்டச் சிப்பை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும் மனிதர்கள் உலகத்தில் உண்டு என்பது கனடா வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் நடுவில் நானும் அவர்களில் ஒருவன். சூதாடிக் கெட்டவனைப் பார்த்தாவது சனம் பாவம் என்று சொல்லும். சூதாடாமலே கெட்டவனுக்கு அதுவும் கிடையாது.

அப்போது ஸ்காபரோவில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கசினோ பஸ்ஸில் போய், கொண்டுபோனதை எல்லாம் விட்டுவிட்டு, ஒரேயொரு சிப்பை மட்டும் காற்சட்டைப் பைக்குள் மறந்து கொண்டுவந்தேன். அந்த மறதிதான் என் தகுதி. தெரிந்தவர் ஒருவர் என்னை மார்க்கம் என்ற ஊரில் பெரிய வீடும் கம்பியூட்டர் வேலையும் உள்ள, சிப் சேர்க்கிற ஒரு அண்ணையிடம் கூட்டிப்போனார். வீட்டுக்குக் கீழே இருந்த பேஸ்மண்டில் ஞாயிறு தோறும் அண்ணையோடு சேர்த்து நாலு பேர் கூடுவார்கள். எல்லாரும் படித்தவர்கள். ஒரு மனிதனைப் படிப்பு எதுவரை கொண்டுபோய் விடும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் அந்த பேஸ்மண்டுக்கு வந்திருக்கவேண்டும். வெல்வெட் விரித்த தட்டில் சிப்புகளை அடுக்கி, நாலு பேரும் குனிந்து, பேன் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவர்கள் பார்த்தது சிப்பின் விளிம்பை. நல்ல சிப்பின் விளிம்பில் வேறு நிறத்தில் துண்டு துண்டாகப் பொட்டுகள் பதித்திருக்கும். அடுக்கி வைத்தாலும் பக்கத்திலிருந்து பார்த்து இன்ன சிப் என்று சொல்லத்தான் அந்த ஏற்பாடு. பொட்டு எத்தனை, என்ன நிறம், ஒரே கசினோவின் இரண்டு சிப்பில் நிறம் அப்படியே பொருந்துகிறதா என்பதுதான் இவர்களுடைய முழு ஆராய்ச்சியும். இங்கிலீசில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. என் வாயில் அது நிற்காததால் பொட்டு என்றே சொன்னேன்.

"உது என்ன நிறம், சொல்லும் பாப்பம்?" என்று அண்ணை ஒருநாள் என்னைச் சோதித்தார்.

"கத்தரிப்பூ, அண்ணை."

"கத்தரிப்பூவோ? ஐசே, இது சீலைக்கடை இல்லை. லாவண்டர்."

"அப்ப பக்கத்திலை இருக்கிறது?"

"லைலக்."

எனக்கு இரண்டும் ஒரே கத்தரிச் செடியில் பூத்ததாகத்தான் தெரிந்தது. மற்ற மூன்று பேரும் லைலக், லைலக் என்று தலையாட்டினார்கள். அவர்களுக்கும் தெரியவில்லை என்பது என் எண்ணம்.

அந்தக் கூட்டத்தில் என் வேலை தேத்தண்ணி போடுவதும், மேசை தூக்குவதும், வருடம் ஒருமுறை நடக்கும் கண்காட்சியில் படம் எடுப்பதும். நாலு பேரும் சிப்போடு நிற்பார்கள். நான் கமராவோடு எதிரே நிற்பேன். எந்த வருடத்துப் படத்திலும் நான் இல்லை. ஒரு வருடம் மட்டும் என் விரல் வந்திருக்கிறது, லென்சின் ஓரத்தில். அந்தப் படத்தில் ஒருமுறையாவது முன்பக்கம் நின்றுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. வெட்கக்கேடுதான். பத்துப் பேர்கூடப் பார்க்காத ஒரு படத்துக்காகக் கனடாவில் ஒருவன் ஏங்கினான் என்றால் அவனை அடித்தாலும் குற்றமில்லை.

அண்ணையிடம் ஒரே கசினோவின் கத்தரிப்பூச் சிப்பு வரிசை ஒன்று இருந்தது. மன்னிக்கவேண்டும், லாவண்டர். ஒரு பொட்டு வைத்தது, இரண்டு வைத்தது, மூன்று வைத்தது என்று ஏறிக்கொண்டு போகும். அதில் இல்லாதது முதலாவது, பொட்டு வைக்கத் தொடங்குவதற்கு முன் அடித்த மொட்டைச் சிப். அது கிடைத்தால் வரிசை முழுமை என்று அவர் சொல்லாத ஞாயிறே இல்லை.

அது எனக்குக் கிடைத்தது. பழைய சாமான் சந்தையில், பட்டன்கள் போட்டு வைத்த ஒரு தகர டப்பாவுக்குள். கத்தரிப்பூ நிறம், விளிம்பைச் சுற்றி ஒன்றுமே இல்லை. அண்ணைக்கு உடனே போன் பண்ணினேன்.

"மொட்டையோ? வடிவாப் பாத்தீரோ?"

"என்ரை தலை மாதிரி, அண்ணை."

"கண்காட்சிக்குக் கொண்டு வாரும். இந்தமுறை நீர் படத்திலை நில்லும். என்ரை பக்கத்திலை."

கண்காட்சிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசை. என் மனிசி, பிள்ளைகளின் புத்தகங்களையும், என்னுடைய கோப்பை கழுவும் ரப்பர் கையுறையையும் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, உங்கடை சிப்பையும் வைக்கட்டோ?"

நான் ஹொக்கி பார்த்துக்கொண்டிருந்தேன். "வை, வை" என்றேன்.

மாதக்கணக்காக அவளுக்கு நான் படிப்பித்த பாடம் இதுதான்: பொட்டுத்தான் முக்கியம், பொட்டு அழிந்தால் சிப் செத்தது. அவள் நல்ல மாணவி. இது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

காலையில் அண்ணை கீழே வான் வண்டியில் இருந்து ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார். கண்காட்சிக்கு ரோல்ஸ் செய்து தரச் சொல்லியிருந்ததால் மனிசியும் தட்டோடு வந்தாள். நான் சாமித் தட்டில் இருந்த சிப்பு டப்பியைத் திறந்தும் பார்க்காமல் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

கண்காட்சி வெக்ஸ்போர்டில், ஒரு தேவாலயத்தின் கீழ் மண்டபத்தில். வெளியே குளிர், உள்ளே ஹீற்றரை யாரோ முழுதாகத் திருகிவிட்டிருந்தார்கள். அண்ணை கோட்டும் டையும் கட்டி வியர்த்துக்கொண்டு நின்றார். மனிசி ரோல்ஸைச் சூடாக்கக் குசினிக்குள் போனாள். அண்ணை டப்பியைத் திறந்தார். நானும் எட்டிப் பார்த்தேன்.

விளிம்பில் அழகாக ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

"ஐசே! மொட்டை எண்டெல்லோ சொன்னீர்?" அண்ணை பூதக்கண்ணாடியை எடுத்தார். "உமக்குக் கண் தெரியாதோ? இதிலை பொட்டு இருக்கு. இரண்டு நிறப் பொட்டு. மஸ்டர்ட் மேலை மரூன்!"

மற்ற மூவரும் கூடினார்கள். மஸ்டர்ட், மரூன், மஸ்டர்ட், மரூன். பிறந்த நாளிலிருந்து சந்தனத்தையும் குங்குமத்தையும் பார்த்து வளர்ந்த நாலு பேர்.

"கேள்விப்படாத வகை. மொட்டையை விடப் பெரிய சாமான் இது," என்று அண்ணை பெருவிரலால் விளிம்பைத் தடவித் தடவிச் சொன்னார். பிறகு அதே கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "நீர் இதிலை நில்லும்" என்று என் தோளைப் பிடித்துத் தனக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கமரா வேறொருவர் கைக்குப் போனது. நான் வாயை மூடிக்கொண்டு, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஒரு நிமிடம் போதும்.

அப்போது குசினிக் கதவு திறந்தது.

"ஐயோ அண்ணை, தேய்க்காதேங்கோ! பொட்டு அழியப் போகுது!" மனிசி தட்டோடு ஓடி வந்தாள். "எல்லாச் சிப்புக்கும் பொட்டிருக்கு, உது மட்டும் மூளியா இருந்திது. நல்லநாள் பெருநாளிலை பார்க்க எனக்கு மனம் கேக்கேல்லை. அதுதான் ராத்திரி சந்தனம் குழைச்சு வைச்சனான்."

அண்ணை சிப்பை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பூதக்கண்ணாடிக்குத் தெரியாதது மூக்குக்குத் தெரிந்துவிட்டது.

"உமக்குத் தெரியுமோ இது?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

"மஸ்டர்ட் எண்டு நீங்கள் சொல்லேக்கை நான் என்னத்தைச் சொல்லுறது, அண்ணை?"

"அந்தக் கமராவை வாங்கும். நீரே எடும்."

கமராவை வாங்கிக்கொண்டு எதிரே போனேன். நாலு பேரும் தோளோடு தோள் ஒட்டி, கல்யாண வீட்டுப் படத்துக்குப் போல நேரே பார்த்து விறைத்து நின்றார்கள். கண்ணைக் கமராவில் வைத்தபோதுதான் கண்டேன். அண்ணையின் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவில், மஞ்சள் இழுபட்டு அதன்மேல் சிவப்பாக ஒன்று. பக்கத்தில் நின்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. எனக்குச் சொல்ல வாய் வந்தது. பிறகு என் விரலை லென்சின் ஓரத்திலிருந்து கவனமாக விலக்கிவிட்டுப் பட்டனை அமத்தினேன். என் வாழ்க்கையில் நான் எடுத்த ஒரேயொரு நல்ல படம் அதுதான்.

அதற்குப் பிறகு மார்க்கத்திலிருந்து போன் வரவில்லை. மொட்டைச் சிப்பை மனிசி சவர்க்காரம் போட்டுக் கழுவிப் பார்த்தாள், மஞ்சள் போகவில்லை. படம் கழுவி வந்த அன்று உறையைப் பிரித்துப் பார்த்தவள் குசினியில் இருந்து கூப்பிட்டாள்.

"இஞ்சேருங்கோ, அண்ணையின்ரை நெத்தியிலை என்ன இது?"

"மஸ்டர்ட் மேலை மரூன்" என்றேன்.