பொட்டு வைத்த பொத்தான்

கொல்லிமலையில் இ-சேவை மையம் நடத்திய அந்தப் பெண்ணை நினைத்தால் என் தொழில்மீதே எனக்குக் கோபம் வருகிறது. ஸ்வெட்டர் கையை முழங்கைவரை மடித்துவிட்டுக்கொண்டு வேலை செய்வார். ஆபரேட்டிங் சிஸ்டத்தை மாற்றச் சொல்லி அவருடைய திரையில் அடிக்கடி அறிவிப்பு வந்தது. அதில் ‘இப்போதே’ என்ற பொத்தான் தோன்றும் இடத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டியிருந்தார். தவறிக்கூட யாரும் அதை அழுத்திவிடக் கூடாதாம். ‘பிறகு’ என்பதை மட்டும் அழுத்துவார்.

சான்றிதழுக்காகப் போன நான் சாஃப்ட்வேர்காரன். “இவ்வளவு பழசை வெச்சிருந்தா வைரஸ் வரும்” என்று அதட்டி, நானே மாற்றிவிட மவுசுக்குக் கை நீட்டினேன். அவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“போன வருசம் உங்களாட்ட ஒருத்தரு மாத்திவுட்டாருங்க. அப்பறம் ரேகை மிஷின் வேலை செய்யவே இல்லீங்க. மொளகு பறிச்சுத் தேஞ்ச வெரலுங்க, மத்த மிஷின்ல லேசுல பதியாதுங்க. எங்க சனம் பென்ஷனுக்கு ரேகை வெக்க எழுபது கொண்டை ஊசி வளைவு எறங்கிக் கீழ டவுனுக்குப் போச்சுங்க. பழசுக்கே திருப்பி மாத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.”

“புது மிஷின் வாங்கிக்கலாமே?”

அவர் ‘பிறகு’வை அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “இப்பவே மாத்த ஒரு பொத்தான். அப்பறமா மாத்த ஒரு பொத்தான். வேண்டாம்னு சொல்ல ஏனுங்க ஒண்ணு வெக்கல?”

நாங்கள் செய்யும் செயலியிலும் அந்த இரண்டு பொத்தான்கள்தான். ஊர் திரும்பியதும் மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்று அலுவலகக் கூட்டத்தில் சண்டையே போட்டேன்.

“பிறகு பார்க்கலாம்” என்றார் மேலாளர்.