ஒற்றைக் குமிழ்ப் பெட்டி

தாணுமாலையன் காதுக்குத் தப்பிய பாட்டு கரமனையிலேயே கிடையாது. சாலைக் கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்க்கிறவர். வீட்டுக்கென்று தன் கையாலேயே ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டியிருந்தார். அதில் சத்தம் கூட்டிக் குறைக்க ஒரே ஒரு குமிழ். பேஸ், ட்ரெபிள் எதுவும் கிடையாது. "பாடுனது பாடுனபடி கேக்கணும். அதுல நாம என்னத்துக்கு உப்பும் புளியும் சேக்கது?" என்பார்.

கல்யாணமான புதிதில், பழுதுக்கு வந்த டேப் ரெக்கார்டரில் மனைவி விஜயத்தைப் பாடவைத்துப் பதிந்து, அந்தப் பெட்டியில் போட்டுக் காட்டினார். "கேட்டியா, மேல போகையில கீச்சுங்குது. பெட்டி பொய் சொல்லாது." சொன்னதை அவர் மறந்தே போனார், பாவி மனுஷன். பன்னிரண்டு வருஷமாக விஜயம் அந்த வீட்டில் பாடவே இல்லை.

எழுபத்தொன்பதாம் வருஷம் அடுத்த வீட்டுத் திரவியம் துபாயிலிருந்து ஸ்டீரியோ செட்டோடு வந்து இறங்கினான். வரிசையாகக் குமிழ்கள். பேஸை முறுக்கினால் பாத்திரம் அதிரும். அதுவரை தாணுமாலையன் வீட்டில் பாட்டுக் கேட்ட தெருவே அங்கே போய் உட்கார்ந்தது. அவருக்கு வயிறு பற்றி எரிந்தது.

"குடத்துக்குள்ள தலைய விட்டுப் பாடுன மாதிரி இருக்கு. இதப் போயி வாய் பொளந்து கேக்கானுவ!"

"கேக்கதுக்குக் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றாள் விஜயம்.

அந்த ஒரு வார்த்தையில் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டார்.

நவராத்திரி வந்தது. கொலுப் பார்க்கப் போகிற பெண்களைப் பாடவைக்காமல் அனுப்புகிற வழக்கமே அந்தத் தெருவில் இல்லை. விஜயம் தினமும் திரவியம் வீட்டுக்குப் போய்வந்தாள். கடைசி நாள் அவளோடு தாணுமாலையனும் போனார். சாமி கும்பிடவா? குற்றம் கண்டுபிடிக்கத்தான்!

கையில் சுண்டலைக் கொடுத்துவிட்டுத் திரவியம் ஒரு காசெட்டைப் போட்டான். ஒரு பெண் பாடினாள். முதல் வரியிலேயே சுண்டல் வாய்க்குப் போகாமல் நின்றது. குரல் மேலே ஏறியபோது அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. திரவியத்திடம் இப்படி ஒன்று இருக்கிறதே என்று எரிச்சலும் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னமா பாடுதா! ஒன் பெட்டிதான்டே கெடுக்கு. எனக்க செட்டுல போட்டுப் பாரு!"

திரவியத்தின் மனைவி பகவதி விழுந்து விழுந்து சிரித்தாள். "அண்ணாச்சி, அது நம்ம விஜயம் மைனியில்லா! கொலுவுக்கு வந்தப்போ இங்க பாடுனதப் பதிஞ்சது. நீங்க கேட்டதே இல்லியா?"

எல்லோரும் சிரித்தார்கள். விஜயம் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் தன் பெட்டிப் பக்கமே போகவில்லை. அடுக்களை வாசலில் வந்து நின்றார். "எனக்கு ஒண்ணு பாடேன், விஜயம்."

"அங்க காசெட்டுல இருக்கு. வேணும்னா போய்க் கேளுங்க" என்று அவள் உலையில் அரிசியைப் போட்டாள்.

அடுத்த வீட்டில் திரவியம் அதையே மறுபடியும் போட்டான், பேஸை இன்னும் கூட்டி. தாணுமாலையன் போய் ஜன்னல் தாழ்ப்பாளை நீக்கினார்.