கண்ணாடியில் எழுந்த மேடு

என் மேசை இழுப்பறையில் விரல்நக அளவில் ஒரு கண்ணாடித் துண்டு இருக்கிறது. அதை உருக்கி வார்த்து, நாளெல்லாம் தேய்த்து மெருகேற்றித் தந்தவர் எங்கள் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த அக்கா. தேய்த்ததைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டி, "பாருங்க அம்மணி, ஒரு கீறல் இருந்தாச் சொல்லுங்க" என்பார். ஒருநாளும் இருந்ததில்லை.

கோவையில் நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த புதிது. பேராசிரியருக்கும் எனக்கும் படிகங்கள்தான் பழக்கம். படிகத்தில் அணுக்கள் வரிசையாக நிற்கும். லேசர் ஒளியைப் பாய்ச்சினால் அவற்றின் அதிர்வுகள் திரையில் ஊசி ஊசியாகத் தெரியும். அக்காவின் கண்ணாடியை முதன்முதலாக அளந்தபோது, குறைந்த அதிர்வெண் பக்கத்தில் ஊசிக்குப் பதிலாக அகலமாக ஒரு மேடு எழுந்தது. கீறல் விழுந்த பரப்பில் ஒளி சிதறினாலும் அந்தப் பக்கத்தில்தான் வேண்டாத ஒளி குப்பையாகச் சேரும். பேராசிரியர் முகத்தைச் சுளித்தார். என் அளவீட்டில்தான் பிழை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில், "அக்கா சரியாத் தேய்க்கலீங்க சார்" என்று முந்திக்கொண்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அக்கா பக்கத்தில்தான் நின்றிருந்தார். தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். அடுத்த வாரம் அவரை விடுதிச் சமையலறைக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டே மாதத்தில் உண்மை தெரிந்துவிட்டது. கடையில் வாங்கிய கண்ணாடியிலும் அதே மேடு. தேடிப் படித்தேன். ஒழுங்கில்லாமல் உறைந்துபோன அணுக்கள் கூட்டமாக மெல்ல அதிர்வதால் எழுவது அது. கண்ணாடியின் இயல்பே அப்படித்தான். அதையே ஆய்வேடாக்கிப் பட்டமும் வாங்கினேன். அக்கா மேல் தப்பில்லை என்று பேராசிரியரிடம் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. இன்று நாளை என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அதற்குள் அக்கா வேலையை விட்டே போய்விட்டார்.

போன மாதம் என் மாணவி அதே மேட்டைக் காட்டி, "சாம்பிள் அழுக்குங்களா மேடம்?" என்று கேட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே கண்ணாடித் துண்டை எடுத்துக்கொண்டு, அக்காவின் வீட்டை விசாரித்து, ஊரின் கணபதிப் பகுதிக்குப் போனேன். லேத் பட்டறைகளுக்கு நடுவே அக்காவின் வீடு. எதையும் ஒளிக்காமல் சொன்னேன். திட்டு வாங்கத் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் துண்டை வாங்கிச் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"அப்ப நாந் தேச்சது சரிதானுங்களா? எங் கை கெட்டுப்போச்சுன்னு நெனச்சுப்போட்டனுங்க அம்மணி. அதுக்கப்பறம் அந்த வேலைக்கு எங்கீமே போகலீங்க."

துண்டை அவரிடமே விட்டுவர நினைத்தேன். அவர் முந்தானையால் துடைத்து என் கையிலேயே வைத்துவிட்டார். மறுபடியும் இழுப்பறையில் கிடக்கிறது. அவ்வப்போது எடுத்துச் சன்னலில் சாய்த்துப் பார்க்கிறேன். ஒரு கீறல்கூட இல்லை.