மூன்றாவது சாவி

என் தம்பியை இந்தத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இன்ஸ்பெக்டர் என்றால்தான் தெரியும். போலீஸ் வேலைக்கும் அவனுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. கார்களுக்கு ரிமோட் சாவி போட்டுக் கொடுப்பது அவன் தொழில். கடையின் முன்பக்கம் என்னுடையது. வீட்டுச் சாவி, பீரோ சாவி, பூட்டு எல்லாம் நான் பார்ப்பேன். வாசலில் நிற்கிற காருக்குள் ஏறி, ஸ்டீயரிங்குக்குக் கீழே மெஷினைச் செருகி, சாவியைக் காரோடு சேர்த்து வைப்பது அவன் பாடு.

சேர்த்து வைப்பதற்கு முன்னால் விசாரணை. வண்டிப் பத்திரம் எங்கே, அடையாள அட்டை எங்கே, அட்டையில் மீசை இருக்கிறதே இப்போது ஏன் இல்லை, டிக்கியில் என்ன இருக்கிறது என்று திறப்பதற்கு முன் சொல்லுங்கள். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார்கள்.

"ஏன்டா, சாவி போட வந்தவனா, கொலை பண்ணிட்டு வந்தவனா?" என்று கத்துவேன்.

"பத்திரம் கேட்டதும் அந்தாளு முகம் கோணுச்சு, பாத்தியாக்கா?"

கோணத்தான் கோணியது. அந்த மனுஷனுக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார்.

அவன் பயத்துக்கும் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், சிரித்துச் சிரித்துப் பேசின ஒருத்தனுக்குச் சாவி போட்டுக் கொடுத்தான். வண்டி அவனுடையதே இல்லை. சொந்தக்காரர் போலீஸோடு வந்து இவனை இழுத்துப் போனார். ஸ்டேஷனுக்குப் போய் அழுது, சண்டை போட்டு, நான்தான் மீட்டு வந்தேன். சூடு கண்ட பூனை. அதனால் கடையில் அவன் சந்தேகப்படுவதை நான் பொறுத்துக்கொள்வேன். ஆனால் சாயந்திரம் ஷட்டரை இழுத்துவிட்டு அந்தச் சந்தேகத்தையும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவானே, அதுதான் எனக்கு எரியும்.

வீட்டில் இருப்பது அவன் மனைவி ஒருத்திதான். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்தில் வேலை. அவள் சம்பளத்தில் வாங்கின சின்னக் கார், பத்திரமும் அவள் பேரில். ஆனால் இரண்டு சாவியும் இவன் சட்டைப் பையில். கேட்டால், "பட்டன் தேஞ்சிடும், பேட்டரி பாக்கணும்" என்று ஏதாவது சொல்வான். அவள் வண்டி எடுக்க வேண்டுமென்றால் முதலில் எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்பி என்று பதில் சொல்ல வேண்டும். பதில் பிடித்தால் சாவி கிடைக்கும். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் அது எனக்கே உறுத்தலாக இருந்தது. எங்கள் வீட்டில் இத்தனை அமைதியான ஆள் யாரும் பிழைத்ததில்லை.

புது மெஷின் வந்த அன்று, சோதித்துப் பார்க்க அவளுடைய காரையே கடைக்கு ஓட்டி வந்தான். ஒரு காருக்கு எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்று மெஷின் திரையில் காட்டும்.

"அக்கா, இங்க வாயேன்." குரல் சரியில்லை.

"என்னடா?"

"மூணு காட்டுது."

"புது மெஷின்ல, உளறும்."

பழைய மெஷினைச் செருகினான். அதுவும் மூன்று என்றது. அவன் இறங்கி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"இவளுக்கு எவனோ சாவி போட்டுக் குடுத்திருக்கான். எவனுக்கோ குடுத்திருக்கா."

"வாய அலம்பு. முதல்ல அவகிட்ட கேளு."

"கேட்டா உஷாராயிடுவா."

அன்றிலிருந்து பிடித்தது சனி. தினமும் ஓடின கிலோமீட்டரைப் பார்ப்பான். டிரைவர் சீட் ஒரு பல் பின்னால் போயிருக்கிறதாம். கண்ணாடி வேறு கோணத்தில் இருக்கிறதாம். சீட் பெல்ட்டை மூக்கில் வைத்து இழுத்து இழுத்து மோந்தான்.

"சோப்பு வாசனை அடிக்குதுக்கா."

"குளிச்சவங்க யாரும் அதுல ஏறக் கூடாதாடா?" என்று சீறினேன். சீறினேனே தவிர, அவன் உள்ளே போனதும் நானும் பின் சீட்டைத் துழாவினேன். நீளமாக ஒரு முடி கிடைத்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நரை. என்னுடையதுதான்.

அப்புறம் அவன் தன் வித்தையைக் காட்டினான். எல்லாச் சாவியையும் மொத்தமாக அழித்துவிட்டு, கையில் இருப்பதை மட்டும் திரும்பப் பதிய முடியும். அந்த நேரம் அங்கே இல்லாத சாவி அதோடு செத்தது. கதவைத் திறக்கும், ஏனென்றால் இரும்புப் பல் அப்படியேதான் இருக்கிறது. இன்ஜின்தான் எழும்பாது. தன்னிடம் இருந்த இரண்டை மட்டும் பதிந்துவிட்டு, காரைப் பழையபடி வீட்டுக்குக் கீழே நிறுத்தினான்.

"செத்த சாவிய வச்சிக்கிட்டு எவன் வந்து முழிக்கிறான்னு பாப்போம்" என்றான்.

முழித்தது யார் என்று எனக்குத்தான் முதலில் தெரிந்தது. ஒரு மத்தியானம் அவளிடமிருந்து போன்.

"அண்ணி, அவரு பக்கத்துல இருக்காரா?"

"வெளி வேலைக்குப் போயிருக்கான். என்னம்மா?"

"வண்டி ஸ்டார்ட் ஆகல."

"எந்தச் சாவிய போட்ட?"

போனை வைத்துவிட்டாள். கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

கட்டடத்துக்கு அடியில், கார் நிறுத்துமிடத்தில், அரை இருட்டில் அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். பெல்ட் போட்டிருந்தாள். காலில் வீட்டுச் செருப்பு. முன்னால் சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. நான் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பின் சீட்டைத்தான் பார்த்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அங்கே யாரும் இல்லை.

"யாரும்மா அவன்?" என்று கேட்டும் விட்டேன்.

"யாரும் இல்ல அண்ணி."

"அப்ப எங்க போவ?"

"எங்கயும் இல்ல. மெயின் ரோட்டுல கொஞ்ச தூரம் ஓட்டுவேன். மரத்தடியில நிறுத்துவேன். திரும்பி வந்துடுவேன். எங்க போறன்னு யாரும் கேக்காம ஒரு அரை மணி நேரம். அதுக்குத்தான் வேற கடையில சாவி போட்டேன்."

நம்பலாமா என்று ஒரு நொடி மனசு இழுத்தது. அதே ரத்தம்தானே எனக்கும். அப்புறம்தான் அவள் கையைப் பார்த்தேன். செத்த சாவியை இன்னும் திருகிக்கொண்டே இருந்தாள்.

"விட்டுடும்மா. அவன் அழிச்சுட்டான்."

"அவருக்குத் தெரியுமா? எப்பலேர்ந்து?"

"ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு."

கையை எடுத்தாள். "ஒரு வாரமா எதிர்ல உக்காந்து சாப்பிட்டாரு. உப்பு கம்மின்னு கூடச் சொன்னாரு. இத ஒரு வார்த்தை கேக்கல." பெல்ட்டைக் கழற்றினாள். "இனிமே என்னால முடியாது அண்ணி. நான் போயிடுவேன்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். இவள் போய்விட்டால் அவனுக்கு வேறு ஆள் கிடையாது, அந்தப் பயம் எனக்கு. அவள் செய்ததில் தப்பில்லை என்பதும் தெரிந்தது, அந்த ஆத்திரம் வேறு.

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு என்ன சொன்னான் தெரியுமா?

"மரத்தடியிலயா? அங்க யாரு?"

"உன் தலையில இடி விழ! யாரும் இல்லடா!"

"மடியில கனம் இல்லன்னா ஒளிஞ்சு எதுக்கு சாவி போடணும்?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்டேன். செவிடன் காதில் ஊதின சங்கு. மறுநாளிலிருந்து காரையே கடைக்கு ஓட்டி வந்து, கண் முன்னால் நிறுத்திக்கொண்டான்.

இரண்டொரு நாள் கழித்து, காலையில், ஒரு டாக்சிக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து விசாரணைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நடந்து வந்தாள். என்னிடம் தலையை மட்டும் அசைத்தாள். நேராக அவன் மேஜைக்குப் போய், வண்டிப் பத்திரம், அடையாள அட்டை, செத்த சாவி மூன்றையும் வரிசையாக வைத்தாள்.

"இந்த வண்டிக்கு இந்தச் சாவியப் போடணும்."

தம்பி என்னைப் பார்த்தான். நான் பூட்டுகளை அடுக்கினேன்.

"வீட்ல பேசிக்கலாம்" என்றான் மெதுவாக.

"வீட்ல நீங்க பேசல. இங்க வர்றவங்ககிட்டதான் எல்லாத்தையும் கேக்குறீங்களாமே. கேளுங்க. டிக்கியில குடை, ஸ்டெப்னி, பழைய போர்வை. அட்டையில இருக்கற பேரும் பத்திரத்துல இருக்கற பேரும் ஒண்ணு."

டாக்சிக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் எட்டிப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கு சார். எனக்குக்கூட ஒரு எழுத்து உதைச்சுது" என்றார்.

தம்பி எழுந்தான். மெஷினை எடுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்துச் சீட்டில் ஏறினாள். நான் ஜன்னலோரம் போய் நின்றேன், வெட்கமில்லாமல்தான் நின்றேன்.

"என்கிட்ட இருக்கற ரெண்டையும் சேத்துப் பதியட்டுமா?" என்று கேட்டான். யாரிடமும் அவன் அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை.

"வேண்டாம். இது ஒண்ணு போதும்."

அழித்தான். அவள் சாவியை மட்டும் பதிந்தான். இன்ஜின் எழுந்தது. அவன் இறங்கிக்கொள்ள, அவள் நகர்ந்து ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

"சாயந்திரம் வீட்டுக்கு வருவேன்" என்றாள். "எங்க போயிட்டு வந்தன்னு நீங்க கேக்கலன்னா, நாளைக்கும் வருவேன்."

அவன் வாயைத் திறந்தான். நான் அவன் கையை நகம் பதிய அழுத்தினேன். மூடிக்கொண்டான். கார் நகர்ந்து, லாரிகளுக்கு நடுவே தெருமுனை வரை போய்த் திரும்பியது. அவன் உயரத்துக்கு வழியில் நின்ற வேன் மறைத்தது. நான் கடைப் படியில் ஏறி நின்றிருந்தேன், அங்கிருந்து நன்றாகத் தெரிந்தது.

"அக்கா" என்றான். உதிர்ந்துபோன மாதிரி இருந்தான், பாவி. "எந்தப் பக்கம் திரும்புனா?"

"கவனிக்கலடா" என்றேன்.