திருச்சி – பலாலி: ஐம்பத்தைந்து நிமிடம்

காலை 6.15. குடவாசலில் கும்பகோணம் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. என் பையை ஏற்றிவிட்டு அப்பா கேட்டார்: "பிளேன்ல எவ்வளவு நேரம்டா?"

"அம்பத்தஞ்சு நிமிஷம்ப்பா."

"இந்த பஸ்சு கும்மோணம் போவவே அவ்வளவு நேரம் ஆக்குமே!"

"ஏன் பெரியவரே, என்னையும் பறக்கச் சொல்றீங்களா?" என்றார் கண்டக்டர்.

அக்கா மலர், கல்லூரியில் தன்னுடன் படித்தவரை மணந்து யாழ்ப்பாணம் போனவள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். ஆனால் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட் வைத்திருப்பவன் வீட்டில் நான் ஒருவன்தான். தாய்வீடு என்று நான் போகிறேன்.

குடவாசலிலிருந்து திருச்சிக்குச் சாலை வழியே ஏறக்குறைய 115 கி.மீ. இரண்டு பஸ் மாறினேன். அய்யம்பேட்டை தாண்டியதும் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. விமான நிலையம் சேரும்போது மணி 10.20. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 185 கி.மீ.

11.40. அத்தானின் அம்மாவைப் போனில் பிடித்தேன். அக்காவை விடிகாலையிலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களாம்.

"எப்படி இருக்கா அத்தை?"

"உள்ளுக்குத்தான் வச்சிருக்கினம் தம்பி. நீங்கள் ஆறுதலா வாங்கோ."

லைன் அறுந்தது. திரும்பக் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கம் ஆறுதல் என்பது இழவு வீட்டில் சொல்வது. அக்காவா, குழந்தையா? வீட்டுக்குச் சொல்லவும் பயம். போனைப் பையில் போட்டுவிட்டு வரிசையில் நின்றேன்.

பகல் 1.05. இறக்கையில் காத்தாடி சுழலும் சிறிய விமானம். அதிராம்பட்டினம் பக்கம் பச்சை முடிந்து கடல் வந்தது. எதிலும் மனம் நிற்கவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தேன். தண்ணீரை மடமடவென்று குடித்ததில் புரையேறியது.

பக்கத்தில் வேளாங்கண்ணி போய்த் திரும்பும் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். என் முதுகைத் தட்டி, "ஆறுதலா குடியுங்கோ தம்பி, ஆரும் பறிக்கேல்லை" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆறுதலான்னா என்னங்கம்மா?"

"இதென்ன கேள்வி? அவசரப்படாமல், மெள்ள மெள்ள எண்டு."

முழுக் கதையையும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அவ நல்லாத்தான் இருப்பா" என்றார். சொல்லின் பொருள் தெரிந்துவிட்டது. அக்கா எப்படி இருக்கிறாள் என்பது இன்னும் தெரியாது. மீதி இருபது நிமிடத்தையும் உட்கார்ந்துதான் கடக்க வேண்டியிருந்தது.

2.00 மணிக்குப் பலாலி. சிறிய நிலையம், வெளியே வர நாற்பது நிமிடம். அத்தான் ஓடி வந்தார்.

"பொம்பிளைப் பிள்ளை! ஒண்டரைக்குப் பிறந்தது, நீங்கள் மேல நிக்கேக்க. மலர் சுகமா இருக்கிறா."

அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் போனை வாங்கி அம்மாவை அழைத்தேன். அந்தப் பக்கம் அழுகை, மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் கேள்வி.

"பாஸ்போர்ட்டு எடுக்க எத்தினி நாளுடா ஆவும்?"

"நீ பிளேன்னாலே பயப்படுவியேம்மா?"

"அம்பத்தஞ்சு நிமிஷம் கண்ண மூடிக்கிட்டு இருக்க மாட்டனா? என்னென்ன எழுதணும், சொல்லு."

"முதல்ல உன் பொறந்த தேதி வேணும்."

அப்பாவிடம் ஏதோ கேட்பது காதில் விழுந்தது.

"தையில, சம்பா அறுப்பு நேரம்னு போடுடா. படிச்சவன்தானே, அத நீ தேதியா மாத்திக்க மாட்டியா?"