வனஜா ஓட்டாத சைக்கிள்

வியாழக்கிழமை காலை பதினோரு மணி டீயோடு அந்தச் செய்தியும் வந்தது. கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், எதிரே வந்த லாரி ஒன்று இன்னொரு வண்டியை முந்தப் பார்த்து, ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த வனஜா மேடத்தை அடித்துவிட்டது. பொள்ளாச்சியில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. எங்கள் பம்ப் தொழிற்சாலையில் டிசைன் பிரிவுக்கு அவர் தலைவி. டூல் ரூமைப் பார்த்துக்கொள்பவன் நான். இருபத்திரண்டு வருடம் அவர் வரைந்ததை நான் செய்தேன், நான் செய்ததை அவர் அளந்து பார்த்தார்.

சாயங்காலம் மதுக்கரையில் அவர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். அதற்குள் ஊர்ப் பேச்சில் ஸ்கூட்டர் சைக்கிளாகிவிட்டது. அவருடைய சித்தப்பா முறையுள்ள ஒருவர் வந்தவர்களிடமெல்லாம், "வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டனுங்க, இந்த வயசுல பொம்பளைக்குச் சைக்கிள் என்னத்துக்குங்க?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டவர்களும் தலையை ஆட்டினார்கள். மறுநாள் எங்கள் தொழிற்சாலை வாட்ஸ்அப் குழுவில் யாரோ மேடம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தைப் போட்டு, "மலைப்பாதைகளைச் சைக்கிளால் வென்றவர்" என்று எழுதியிருந்தார்கள். இரங்கல் கூட்டத்தில் மேலாளரும் அதையே மைக்கில் படித்தார். ஒரு பக்கம் சைக்கிள் அவரைக் கொன்றது, இன்னொரு பக்கம் சைக்கிளில் அவர் மலையை வென்றார். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ஆளாளுக்குப் பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வனஜா அந்தச் சைக்கிளில் ஒரு அடிகூடப் போகவில்லை. போக முடியாது. அதற்குப் பெடலே இல்லை. படத்தை உற்றுப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும். யாரும் பார்க்கவில்லை. பெடல் ஏன் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியவன் நான்தான்.

போன வருடம் வைகாசியில் ஒரு நாள், "ஒரு சைக்கிள் கடைக்குப் போகணும், கூட வாரீங்களா?" என்று கேட்டார். அவர் வீட்டுக்குப் பின்னால் மலையடிவாரத்தில் ஒரு கல்லுப் பாதை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனிலிருந்து ஆட்கள் தடித்த டயர் போட்ட சைக்கிள்களோடு வந்து அதில் இறங்குவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து இவருக்கும் ஆசை வந்துவிட்டது. கடைக்காரர் அவரைப் பார்த்ததும் முன்னால் கூடை வைத்த ரோஸ் நிறச் சைக்கிளை உருட்டி வந்தார். மலைச் சைக்கிள் வேண்டும் என்று இவர் கேட்டதற்கு, பதிலை என்னைப் பார்த்துச் சொன்னார். மேடம் நாலடி பத்து அங்குல உயரம். கடையில் இருந்த எதில் ஏறினாலும் கால் தரையைத் தொடவில்லை. பழகினால் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். "சைக்கிளுக்காக நான் காலை நீட்டிக்க முடியாதுங்களே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வெளியே வந்தார். நான்தான் வழியெல்லாம் அந்த ஆளைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை அவர் மேசையில் பம்ப் வரைபடங்களுக்கு அடியில் ஒரு சைக்கிள் வரைபடம் இருந்தது. செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நின்று, மகளிடம் தன் கால், கை, தோள் எல்லாவற்றையும் அளக்கச் சொல்லியிருக்கிறார். அந்த அளவுக்கு ஒவ்வொரு சாமானாக வாங்கித் தானே பூட்டிக்கொள்வதாகத் திட்டம். டீ நேரத்தில் எல்லோரும் கிண்டல் செய்தோம். நானும் செய்தேன், அதை மறைக்க மாட்டேன். எதற்கு மேடம் இந்த வேலை, என்ன காரணம் என்று கணக்குப் பிரிவுக்காரர் ஒருவர் விடாமல் கேட்டார். "ஆசைங்க. ஆசைக்குக் காரணத்தையும் வரைஞ்சு காட்டணுங்களா?" என்றார் மேடம்.

சாமான் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு ஒரு வரிசை இருந்தது. ஃபிரேம் முடிவானதும் நாங்கள் எல்லோரும் கியரைப் பற்றிப் பேசினோம். அவர் பிரேக்கைப் பற்றிப் பேசினார். "நிறுத்தற சாமான் மொதல்ல, ஓட்டற சாமான் பொறகுங்க" என்பார். சின்னக் கைக்கு எட்டுகிற மாதிரி பிடியை உள்ளே தள்ளி வைக்கக்கூடிய ஆயில் பிரேக்காகத் தேடி எடுத்தார். முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில் ஸ்பிரிங் வேண்டாம் என்றார். எழுபது எண்பது கிலோ ஆணுக்காகச் செய்த ஸ்பிரிங் தன் நாற்பத்தைந்து கிலோவுக்கு அசையக்கூட அசையாது, காற்றடைத்த ஃபோர்க் என்றால் தனக்கு வேண்டிய அளவு காற்று வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். எங்கள் பக்கத்து வேலமுள்ளை நினைத்து, டியூப் இல்லாமல், முள் குத்திய ஓட்டையைத் தானே அடைக்கிற பால் போன்ற பசையை உள்ளே ஊற்றுகிற டயர் வாங்கினார். எதையும் விலை உயர்ந்தது என்பதற்காக வாங்கவில்லை, யாரோ சொன்னார்கள் என்பதற்காகவும் வாங்கவில்லை. இத்தனை யோசித்து ஒரு பொருளை வாங்கிய இன்னொரு ஆளை நான் பார்த்ததில்லை.

மிஞ்சியது கிராங்க், அதாவது பெடலைத் தாங்குகிற இரண்டு கைகள். கடையில் கிடைப்பதெல்லாம் உயரமானவர்களுக்கான நீளம். அதை மாட்டி மேடேறினால் அவருக்கு முழங்கால் நெஞ்சுக்கு வரும். குட்டையான கிராங்கை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், ஒன்றரை மாதம் ஆகும் என்றார். அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். கோயம்புத்தூர்க்காரனுக்கு இது ஒரு வியாதி. எந்தச் சாமானைக் காட்டினாலும் 'இதென்ன பெரிய விஷயம், நம்ம லேத்தில் போட்டால் ஆகிவிடும்' என்போம். "இதுக்குப் போயி வெளிநாடாங்க? நீளமானதை வாங்கிக் குடுங்க, ரெண்டே வாரத்துல அறுத்து, ஓட்டை போட்டு, மரை எடுத்துக் குடுத்துப்போடறேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சரிங்க என்றார். அப்போது ஆடி மாதம்.

மறுநாளே கிராங்கையும் வரைபடத்தையும் கொண்டுவந்து கொடுத்தார். சைக்கிளில் இடது பெடலுக்கு மட்டும் மரை, அதாவது திருகு வரி, இடப்பக்கமாகச் சுற்றும். இல்லாவிட்டால் ஓட்ட ஓட்டக் கழன்று வந்துவிடும். அதை வரைபடத்தில் சிவப்பு மசியில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். வாயாலும் சொன்னார். முப்பது வருடமாக மரை எடுக்கிறவனுக்குச் சொல்லித் தர வேண்டுமா என்று சிரித்தேன். வரைபடத்தைப் பார்க்காமல் வேலையில் கை வைக்காதே என்று என் ஆட்களிடம் எத்தனை முறை கத்தியிருப்பேன். ஊருக்குத்தான் உபதேசம். அந்த வரைபடத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கிராங்கின் இரண்டு கையிலும் வலது மரையையே எடுத்துவிட்டேன்.

தவற்றைச் சொன்னபோது அவர் முகம் மாறவில்லை. "பரவாயில்லீங்க, வேற வாங்கிக்கலாம்" என்று இன்னொரு ஜோடி கொண்டுவந்தார். இடது மரை வெட்டுகிற டேப் என்ற கருவி எங்களிடம் இல்லை. கணபதி பக்கம் ஒரு பட்டறையில் இருப்பதாகச் சொன்னார்கள். போகிறேன் போகிறேன் என்று புரட்டாசி போய்விட்டது. பிறகு ஏற்றுமதி ஆர்டர் வந்தது. பிறகு தீபாவளி. பிறகு என் மைத்துனர் வீட்டில் ஒரு விசேஷம். வழியில் அவரைப் பார்த்தால் நானாகவே அடுத்த வாரம் என்பேன். அவர் ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் சொன்னார்: "அவசரமில்லீங்க." ஐப்பசியில் மற்ற எல்லாவற்றையும் பூட்டி முடித்து, சைக்கிளை டூல் ரூமுக்கே உருட்டி வந்து காட்டினார். நீங்கள் பார்த்த படம் அன்று எடுத்தது. அப்போதும் கிராங்க் வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு உறைத்திருக்க வேண்டும். சைக்கிள் அழகாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் இறந்தது மார்கழியில். காரியம் முடிந்த மறுநாள் நான் கணபதிக்குப் போய் அந்த டேப்பை வாங்கி வந்தேன். வேலை மொத்தம் ஒன்றே கால் மணி நேரம். அந்த ஒன்றே கால் மணி நேரம்தான் ஐந்து மாதமாக எனக்குக் கிடைக்கவில்லை. கிராங்கை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு மதுக்கரைக்குப் போனேன். கதவைத் திறந்தது அவர் மகள் கீர்த்தனா, கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறவள். துணியைப் பிரித்துப் பார்த்தாள்.

பிறகு சொன்னாள். ஆவணியிலேயே, நான் மரையைக் கெடுத்த வாரத்தில், மேடம் வெளிநாட்டுக் கிராங்குக்கு ஆர்டர் போட்டிருக்கிறார். மறுநாளே அதை ரத்து செய்துவிட்டார். ஏன் என்று மகள் சண்டை போட்டிருக்கிறாள். வீட்டில் தெலுங்கில் அம்மா சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னாள்: "அவரு செஞ்சு தர்றேன்னு வாய் விட்டுச் சொல்லிப்போட்டாரு. இப்ப நான் வெளிய வாங்குனா அவரு மனசு என்ன பாடுபடும்? இருபது வருசப் பழக்கம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. "முடியலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க அங்கிள்" என்றாள். "அம்மா ஞாயித்துக்கெழமை ஆனா ஹெல்மெட்டப் போட்டுக்கிட்டு அந்தப் பாதைய நடந்து பார்த்துட்டு வருவாங்க. எங்க பிரேக் புடிக்கணும், எங்க விடணும்னு."

கிராங்கை மாட்டட்டுமா என்று கேட்டேன். மாட்டுங்க என்றாள். மாட்டினேன், சரியாகப் பொருந்தியது. கீர்த்தனா அப்பாவைப் போல உயரம்; அவளுக்கு அது ஆகாது. அவள் அப்பா அறைக்குள்ளிருந்து வெளியே வரவேயில்லை. அந்தச் சைக்கிள் ஒரே ஒரு உடம்புக்காகச் செய்தது, அந்த உடம்பு இப்போது இல்லை.

லாரிக்காரன்மேல் எனக்கு ஆத்திரம் உண்டு. சித்தப்பாமேல் உண்டு. பெடலில்லாத சைக்கிளில் அவரை மலையேற்றிய உங்கள்மேலும் உண்டு. பிறத்தியார் மனசு நோகக் கூடாது என்று தன் ஆசையை மடித்து வைத்துக்கொண்ட அவர்மேலும், சொல்லக் கூடாதுதான், உண்டு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், டூல் ரூம் வாசலில் நின்று "என்னய்யா ஆச்சு என் சாமான்?" என்று அவர் கத்தியிருந்தால் அன்றைக்கே முடித்திருப்பேன். அவர் கத்துகிறவர் இல்லை என்பது தெரிந்துதான் நானும் தள்ளிப் போட்டேன்.

நினைவஞ்சலி எழுதுகிறவர்கள் போனவரின் புன்னகையை வைத்துக்கொள்கிறேன், உழைப்பை வைத்துக்கொள்கிறேன் என்று முடிப்பார்கள். அதையெல்லாம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வனஜா என்மேல் கோபப்பட்டிருக்க வேண்டும். ஐந்து மாதத்தில் ஒரு தடவைகூடப் படவில்லை. அந்தக் கோபம் முழுவதும் என்னிடம்தான் இருக்கிறது. அவருக்குப் பதிலாக அதை நான் என்மேல் பட்டுக்கொண்டிருக்கிறேன்.